பதினோரு இலை

எங்கள் ஊரில் அவரை எலும்பு மேடம் என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராகவே சொல்வோம், கோபித்துக்கொள்ள மாட்டார். "எலும்பு இல்லாத மேடம் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க, நானும் பாக்கறேன்" என்பார்.

எங்கே போனாலும் முதல் காரியமாக ஆட்களை எண்ணுவார். டவுன் பஸ்ஸில் ஏறினால் எண்ணுவார். மெஸ்ஸில் சோறு வருவதற்குள் பந்தியை எண்ணிவிடுவார். ஒரு கார்த்திகை தீபத்தன்று சாயங்காலம் என் ஸ்டூடியோ மொட்டை மாடியில் நின்று தேரடித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெருமையில் நான், "பாத்தீங்களா மேடம், எவ்ளோ கூட்டம்!" என்றேன். "கூட்டம்னு ஒண்ணு கிடையாதுங்க. ஆளுங்கதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விரலை நீட்டி எண்ணத் தொடங்கினார். முந்நூற்றுச் சொச்சம் வரை வந்திருப்பார், மலை உச்சியில் தீபம் தெரிந்தது. தெருவே கையைத் தூக்கி அரோகரா போட்டது. "சே, உங்க அண்ணாமலையாரு என் எண்ணிக்கையைக் கலைச்சுட்டாரு" என்று சிணுங்கிக்கொண்டே அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். குள்ளம். பருத்திப் புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ. கொண்டையில் பூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு டூத் பிரஷ் செருகியிருக்கும், எலும்பில் ஒட்டிய மண்ணைத் தட்டுவதற்கு. அவர் தங்கியிருந்த லாட்ஜின் மானேஜர் ஒருநாள் அறை ஜன்னலில் எட்டு பிரஷ் காய்வதைப் பார்த்துவிட்டு, ஒருவருக்குக் கொடுத்த அறையில் எட்டு பேர் தங்கியிருப்பதாக முடிவுகட்டிச் சண்டைக்கு வந்துவிட்டார். மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்க எண்ணின முறை ரொம்பச் சரிங்க. எண்ணின பொருள்தான் தப்பு" என்று அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தார். அவர் குடித்தார் என்றாலும் எட்டு பிரஷ்ஷில் எது வாய்க்கு என்ற கவலை அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

நான் எப்படி இவரிடம் மாட்டினேன் என்று சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில், ஊருக்கு வெளியே ஒரு கரட்டில் தொல்பொருள் துறைக்காரர்கள் கல்வட்டங்களைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வட்டமாகப் பாறைகளை நட்டு அதற்குள் இறந்தவர்களைப் புதைக்கிற, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய இடம். அவர்களுடைய போட்டோகிராபருக்கு மஞ்சள் காமாலை வந்துவிட்டதால் ஆள் தேடி என் ஸ்டூடியோவுக்கு வந்தார் மேடம். நான் கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவன். கண்ணை மூடாத, சிரிக்கச் சொல்லாமலே பல்லைக் காட்டுகிற வாடிக்கையாளர்கள் எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

அன்று சுவரில் மாட்டியிருந்த ஒரு குடும்ப குரூப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். என் வேலைத்திறமையில் சொக்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"இதுல எத்தன பேருங்க?"

"முப்பத்தொண்ணு மேடம்." எடுக்கும்போதே தலை எண்ணியிருந்தேன்.

"முப்பத்திரண்டு. இந்தத் தாத்தாவோட தோள் மேல ஒரு வலது கை இருக்கு பாருங்க. பக்கத்துல நிக்கறவங்க எல்லாரோட வலது கையும் தெரியுது. அப்போ இது யாரோடது?"

கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்தப் போட்டோ ஏழு வருஷமாக என் சுவரில் இருந்தது. ஒரு பருத்த சித்தப்பாவுக்குப் பின்னால் யாரோ முழுசாக மறைந்துபோயிருந்தார். நாலு கண்ணாடி வளையல் மட்டும் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுவாரமே அந்த வீட்டுக்குப் போய் விசாரித்து, மறைந்திருந்த சின்ன மருமகளைத் தனியாக உட்காரவைத்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

கரட்டில் அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கை விவகாரம் எனக்குப் புரிந்தது. ஒரு கல்வட்டத்துக்குள் குட்டிக் குட்டிக் கால்கள் வைத்த சுட்ட மண்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே எலும்பு குவிந்து கிடந்தது. தோண்டுகிறவர்கள் ராஜா ராஜா என்று குதித்தார்கள். மேடம் குவியல் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இடது தொடை எலும்பை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கின் மேல் வரிசையாக வைத்தார்.

"எவ்ளோ பெரிய ராஜாவா இருந்தாலும் இடது தொடை ஒண்ணுதான் இருக்கும். இங்க ஆறு இருக்கு. ஆறு பேரு."

அப்புறம் பல்லைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார். ஒரு கிழவர், இரண்டு பெண்கள், ஒரு வாலிபன், இரண்டு பிள்ளைகள் என்று பிரித்தார். எல்லோரும் ஒரே நாளில் உள்ளே போனவர்கள் இல்லையாம். முன்னால் போனவரின் எலும்பைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் செய்திருக்கிறார்கள். "பஸ்ல 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க'ன்னு சொல்றோமே, அந்த மாதிரி" என்றார். எனக்கு அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயமே இல்லை.

உயிரோடு இருப்பவர்களையும் விடமாட்டார். எங்கள் தெரு டீ மாஸ்டரின் வலது தோளைப் பார்த்து, "இருபது வருஷமா டீ ஆத்தறீங்களா?" என்றார். பதினெட்டு. குத்துக்காலிட்டு உட்காரும் வழக்கம் கணுக்கால் எலும்பில் அடையாளம் வைக்குமாம், சின்ன வயதுப் பட்டினி பல்லில் கோடு போடுமாம். என் பல்லைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு கோடும் இல்ல. உங்கம்மா நல்லா ஊட்டியிருக்காங்க" என்றார். ஊருக்கு வந்திருந்த அம்மாவிடம் போய் அதைச் சொன்னேன். அம்மா அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அடி அண்ணாமலையில் அது நடந்தது.

கிரிவலப் பாதையை ஒட்டி முனுசாமிக்கு நிலம். மகள் செல்விக்குத் தை மாதம் கல்யாணம். அதற்குள் ஒரு தளம் போட்ட வீடு கட்டிவிடலாம் என்று நிலத்து மூலையில் அஸ்திவாரம் தோண்டினார். இடுப்பளவு ஆழத்தில் மண்டை ஓடு ஒன்று வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. போலீஸ் வந்தது, தாசில்தார் வந்தார். எலும்பு பழையது என்று தெரிந்ததும், ஊரில்தான் ஒரு எலும்பு மேடம் இருக்கிறாரே என்று வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து ஜீப் அனுப்பினார்கள். காமிராவை மாட்டிக்கொண்டு நானும் ஏறினேன்.

முனுசாமியின் தாத்தாவைப் பற்றி ஊரில் பழைய பேச்சு ஒன்று உண்டு. தீபத்துக்கு வண்டி கட்டி வந்த வெளியூர்க்காரர்களை அடித்துப் போட்டு, நகையைப் பிடுங்கித்தான் அவர் இந்த நிலத்தை வாங்கினார் என்பார்கள். அதற்கு ஊர் காட்டிய சாட்சி அந்த வீட்டு வழக்கம்தான். தீபத்துக்கு மறுநாள், அதே மூலையில் இருக்கிற புங்க மரத்தடியில், பதினோரு இலை போட்டுச் சோறு படைப்பார்கள். தாத்தா ஆரம்பித்தது. ஏன் என்று அவர் சொல்லவில்லை, செய்யுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாவத்துக்குப் பரிகாரம் என்று ஊர் சொன்னது. எலும்பு கிடைத்ததும் பேச்சுக்குக் கால் முளைத்துவிட்டது. போளூர்ப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து, விஷயம் தெரியும்வரை பத்திரிகை அடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கியதும் முனுசாமி ஓடி வந்து வாயைத் திறந்தார். மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எதையும் சொல்லாதீங்க. ஊர்ல பேசறது காதுல விழுந்தா, கண்ணு அதையேதான் தேடும். நான் பாத்து முடிச்சதும் பேசலாம்."

"எங்க தாத்தா கொலகாரரான்னு மட்டும் சொல்லிடுங்கம்மா. அவரு வாங்கின நெலத்துலதான் இத்தினி வருஷமா சாப்ட்டுட்டு இருக்கோம்."

"உங்களுக்கு ஆகாததா இருந்தாலும் சொல்வேன். பரவாயில்லையா?"

முனுசாமி மலையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

ஐந்து நாள் வேலை. என் வாயையும் கட்டிப்போட்டுவிட்டார் மேடம். பதினோரு இலைக் கதை தெரிந்தும் சொல்ல முடியாமல் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. பேசாமல் படம் எடுத்தேன். அவர் தரையோடு தரையாகப் படுத்து மண்ணை ஊதினார். ஒவ்வொரு ஆளையும் முடித்ததும், "ஆச்சுங்க, அடுத்தவங்களப் பாத்துட்டு வரேன்" என்று அந்த ஆளிடமே சொல்லிவிட்டுத்தான் நகர்வார். குழி நடுவில் எலி வளை ஒன்று குறுக்கே போயிருந்ததால் அந்த இடத்து மண்ணைச் சலித்துப் பொட்டலம் கட்டி ஓரமாக வைத்தார்கள்.

ஆறாம் நாள் காலை முனுசாமி வீட்டு வாசலில் தாசில்தார், மாப்பிள்ளையின் பெரியப்பா, ஊர்க்காரர்கள் எல்லோரும் கூடினார்கள். முனுசாமியின் மனைவி அஞ்சலை கதவோரம் நின்றாள். செல்வி வெளியே வரவில்லை.

"பத்து பேரு" என்று ஆரம்பித்தார் மேடம். "ஆம்பளைங்க நாலு, பொம்பளைங்க அஞ்சு, ஏழெட்டு வயசுப் பிள்ளை ஒண்ணு. கத்தி பட்டா எலும்புல கோடு விழும். கட்டையால அடிச்சா விரிசல் விழும். பத்து பேர்ல ஒருத்தருக்கும் அப்படி இல்ல. ஒருத்தருக்கு முழங்கை ஒடைஞ்சு, திரும்பக் கூடியிருக்கு. செத்தவங்க எலும்பு திரும்பக் கூடி வராது. அது எப்பவோ விழுந்த அடி."

"அப்ப எப்படிச் செத்தாங்க?" என்றார் பெரியப்பா. தும்பைப்பூ வேட்டி, நிதானமான பேச்சு.

"எல்லாரையும் ஒரே சமயத்துல பொதைச்சிருக்காங்க. மேல சுண்ணாம்பு போட்டிருக்காங்க. பேதியா இருக்கலாம். பேதி எலும்புல எழுதி வைக்காது, அதனால 'இருக்கலாம்'னுதான் சொல்வேன். ஆனா இது நிச்சயம். வளையல் கையிலயே இருக்கு. வெள்ளி மெட்டி கால்லயே இருக்கு. ஒருத்தர் காதுல தங்கக் கடுக்கன் இருக்கு. எல்லாத் தலையும் தெக்கால. ஒவ்வொரு தலைக்கு அடியிலயும் ஒரு தட்டைக் கல்லு வெச்சிருக்கு. கொன்னு போட்டவன் நகையை விட்டுட்டு, தலகாணி வெச்சுட்டா போவான்?"

வாசலில் ஒரு சலசலப்பு எழுந்தது. முனுசாமி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அவர் முதுகில் தட்டினேன்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. "நல்லதுங்கம்மா. ஆனா இவங்க வருஷா வருஷம் பதினோரு எலை போடறாங்க. நீங்க பத்து பேருன்றீங்க. மீதி ஒருத்தரு எங்க? தப்பிச்சுப் போனவர வேற எடத்துல முடிச்சாங்களா?"

மேடம் முதல் தடவையாக அந்தக் கதையைக் கேட்கிறார். திரும்பி என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"அது சின்ன எலைங்க" என்றாள் அஞ்சலை கதவோரத்திலிருந்து. "மத்ததுக்கெல்லாம் சோறு, கொழம்பு. அதுக்குப் பாலும் வெல்லமும் மட்டுந்தான். காக்காவுக்குன்னு எங்க மாமியா சொல்வாங்க."

"காக்காவுக்குக் கூரை மேல வைக்கறதுதானே? பந்தியில எதுக்கு எலை?" பெரியப்பா விடுவதாக இல்லை. அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது.

மேடம் அஞ்சலையிடம் போனார். "அந்தச் சின்ன எலைய எங்கம்மா போடுவீங்க? கடைசியிலயா?"

"இல்லம்மா. கெழக்கால இருந்து மூணாவது எலைக்கு ஒட்டினாப்புல போடணும். தள்ளிப் போடக்கூடாது. அது ஒண்ணு கண்டிப்பா சொல்லி வெச்சிருக்காங்க."

மேடத்தின் முகம் மாறியது. கை தானாகக் கொண்டைக்குப் போய் பிரஷ்ஷை உருவியது. "எல்லாரும் இங்கயே இருங்க. சாப்ட்டுட்டு இருங்க. நான் வந்துடறேன்" என்று சொல்லி, வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினார். நானும் தொற்றிக்கொண்டேன். மேடம் ஆட்டோவில் எத்தனை பேர் என்றுகூட எண்ணவில்லை, அதிலிருந்தே எனக்குப் பயம் வந்துவிட்டது.

எலும்புகளைத் தாலுகா ஆபீஸ் அறை ஒன்றில் வைத்திருந்தார்கள். கிழக்கிலிருந்து மூன்றாவது ஆள் இருபது வயதுப் பெண். எலி வளை போனது அவள் இடுப்பு வழியாகத்தான். சலித்த மண் பொட்டலத்தின் மேல் மேடத்தின் கையெழுத்தில் 'எலி' என்று இருந்தது. மேலே ஒரு எலித் தாடை கிடந்ததைப் பார்த்து அப்படி எழுதிவிட்டு, ஐந்து நாளில் அவர் பிரித்துப் பார்க்காத ஒரே பொட்டலம் அது.

வெள்ளைத் தாளில் கொட்டினார். எலி எலும்பு எலியாக ஒதுங்கியது. மிச்சத்தைப் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாக நகர்த்தினார். என் சுண்டு விரல் நீளத்தில் ஒரு தொடை எலும்பு. அதற்கு ஜோடி. பல் முளைக்காத பாதித் தாடை. நகம்போல ஒரு தோள் எலும்பு.

"ஏழு மாசம், எட்டு மாசம் இருக்கும்" என்றார். "வயித்துல இருந்திருக்குங்க. நான் எண்ணாம விட்டுட்டேன். எலை போடச் சொன்ன அந்த மனுஷன் விடல."

அழுதுகொண்டே சிரித்தார். தன் தப்பு தெரிந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. நான் படம் எடுத்தேன்.

திரும்பிப் போனபோது ஒருவரும் சாப்பிட்டிருக்கவில்லை. மேடம் நடு வாசலில் நின்றார்.

"நான் தப்பா எண்ணிட்டேங்க. மன்னிச்சுடுங்க. பத்து பேரு இல்ல, பதினொண்ணு. மூணாவதா படுத்திருக்கற பொண்ணு முழுகாம இருந்திருக்கா. அந்தப் பிள்ளைக்குத்தான் பாலும் வெல்லமும்."

அஞ்சலை "ஐயோ, சாமி" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். மேடம் விடாமல் தன் கடமையைச் செய்தார். "பொதைச்சது உங்க தாத்தாதான்னு எலும்பை வெச்சு என்னால நிரூபிக்க முடியாது."

"வேற யாருக்கும்மா தெரியும், மூணாவதுன்னு?" என்றார் முனுசாமி.

பெரியப்பா எழுந்து வந்து முனுசாமியின் கையைப் பிடித்தார். "ஊர் பேச்சக் கேட்டு உங்கள நோகடிச்சுட்டேன். பத்திரிகை அடிச்சுடலாம். எலை போடுங்க, பசிக்குது" என்றார். வாசலே சிரித்தது. செல்வி அப்போதுதான் வெளியே வந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டது இருபத்தேழு பேர். மேடம்தான் எண்ணிச் சொன்னார்.

தாசில்தாரிடம் அனுமதி வாங்கி, எல்லோரையும் அதே குழியில், அதே வரிசையில், தலைக்குக் கல்லோடு திரும்ப வைத்தோம். குட்டியை அவன் அம்மாவோடு வைத்தார் மேடம். அவனா அவளா என்று அவருக்கே தெரியாது, ஆனாலும் அவன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முனுசாமி வீட்டை முப்பதடி தள்ளிக் கட்டினார். தை மாதம் கல்யாணம் நடந்தது, படம் நான்தான். மேடம் பட்டுப் புடவைக்கும் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வருஷம் தீபத்துக்கு மறுநாள் படையலுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை மூன்றாவது இலைக்கு ஒட்டிச் சின்ன இலையை மேடம் கையால் போடச் சொன்னாள் அஞ்சலை. பிறகு புங்க மரத்தடியில் எல்லோரையும் நிற்கவைத்து ஒரு குரூப் எடுத்தேன். பிரிண்ட் போட்டதும் வழக்கம்போல மேடம் வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் பேனாவால் ஏதோ எழுதினார். கொஞ்ச நாளில் தோண்டும் வேலை முடிந்து கிளம்பிவிட்டார். இப்போது எந்த ஊரில் யாரை எண்ணிக்கொண்டிருக்கிறாரோ. அவரை நினைக்காமல் நான் ஒரு குரூப் போட்டோவும் எடுத்ததில்லை.

பல வருஷம் கழித்து, பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஒரு பெண் வந்தாள். செல்வியின் மகள். அந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்து, "இதுல நீ எங்க இருக்கன்னு சொல்லு பாக்கலாம்" என்றேன்.

ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாள். "ஆயா, தாத்தா, அப்பா, அம்மா… ஒம்போது பேரு இருக்காங்க. நான் எங்க அங்கிள் இருக்கேன்? நான் பொறக்கவே இல்லையே."

"திருப்பிப் பாரு."

திருப்பினாள். சாய்ந்த கையெழுத்தில், 'பத்து பேர்' என்று எழுதியிருந்தது.

மறுபடி முன்பக்கம் திருப்பி, அம்மாவின் புடவை மடிப்பின் மேல் விரலை வைத்து, "பத்து" என்றாள்.